பங்களாவில் ஒரு கோயில் படம்

தேயிலைத் தோட்டத்தின் மேக்கணக்குப் பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பார்த்தால் பங்களா தெரியும். பங்களாவிலிருந்து பார்த்தால் லயம் தெரியாது. நடுவில் நிற்கிற சைப்ரஸ் மரங்களை வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதற்காகவே வரிசையாக நட்டார் என்று சொல்வார்கள். ஊருக்குப் போகும்போது துரை மரங்களைக் கொண்டுபோகவில்லை. பிறகு வந்த துரைமாரும் அவற்றை வெட்டவில்லை.

துரைமார் இருந்த காலத்தில் பங்களாவின் பெரிய நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. இப்போது பங்களா மியூசியமாகிவிட்டது. அந்த நாற்காலியில் இப்போதும் யாரும் உட்காரக் கூடாது. இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தோட்டம் எந்தக் கலவரமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

அந்த மியூசியத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது ஜெசீகாவின் வேலை. எட்வர்ட், மதலேனா தம்பதியின் மகள். மேக்கணக்கிலிருந்து பங்களாவின் முன்வாசல் வழியாக வேலைக்குப் போன முதல் ஆள் என்று லயத்தில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. அதற்கு முன் போனவர்கள் எல்லோரும் சமையல் வேலைக்குப் பின்பக்கத்துக் குசினிக் கதவு வழியாகப் போனவர்கள்.

அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கி, மூடுபனிக்குள் ஆட்டோ பிடித்து வருகிறவர்களை அவள் அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போவாள். துரையின் நாற்காலி, துரையின் குளிக்கிற தொட்டி, துரை சுட்ட சிறுத்தையின் பல். தொழிலாளர்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு கொழுந்துக் கூடை. கடைசியாகச் சாப்பாட்டு அறை. அங்கே தனியாக ஒரு சுவரில், மேலிருந்து ஒரு சின்ன விளக்கு வெளிச்சம் விழ, ரொட்டி தட்டுகிற பலகை அளவுக்கு ஓர் எண்ணெய்ச் சித்திரம் தொங்கியது. அதற்கான விளக்கத்தை மனேஜர் தயாபரன் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்.

“இது ஐரோப்பிய நகரமொன்றின் பேராலயம். எந்த நகரம் என்பது தெரியவில்லை. வரைந்தவர் யார் என்பதும் தெரியவில்லை. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. கல் பாவிய முற்றம் நனைந்திருப்பதைக் கவனியுங்கள். கோபுரத்தின் உயரத்தைக் காட்டுவதற்காக ஓவியர் மனிதர்களைச் சிறிதாக வரைந்திருக்கிறார். சிவப்புச் சால்வை போர்த்திய பெண்ணொருத்தி வாசலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். உள்ளே ஒரு விளக்கு எரிகிறது.”

“ரெண்டு இடத்துல ‘தெரியவில்லை’ன்னு வருது, மிஸ்,” என்று தயாபரன் சொல்லிக்கொடுத்தார். அவர் பண்டாரவளைக்காரர். கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. “அத வெக்கப்பட்டுச் சொல்லாதீங்க. ஒரு மர்மம் மாதிரிச் சொல்லுங்க. நமக்குத் தெரியாதுங்கறதும் ஒரு விசயந்தான்.”

ஜெசீகா மர்மமாகவே சொன்னாள். வந்தவர்கள் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். நாட்கள் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

அவள் அண்ணன் ஜோன்சன் பெயின்ட் வேலைக்காரன். அந்த வேலையைப் பழகியதும் இதே பங்களாவில்தான். மியூசியமாக்குவதற்காகச் சுவரெல்லாம் சுரண்டிப் பூசியபோது தோட்டத்துப் பொடியன்களைக் கூலிக்கு எடுத்தார்கள். அவன் கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து ஒரு கொந்தராத்துக்காரர் கூட்டிக்கொண்டு போனார். முதலில் பண்டாரவளைக் கடைகள், பிறகு பதுளையில் வீடுகள், அதற்குப் பிறகு கொழும்பு. கொழும்பில் ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்கு வெளிப்புறம் பூசுகிற வேலை. வேதக்காரப் பொடியனுக்கு வேதக்கோயிலிலேயே வேலை கிடைத்ததை மதலேனா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். ஜோன்சன் அடிக்கடி வீடியோ கோல் எடுப்பான். பேசுகிற அவசரத்தில் போனை முகத்துக்குள் வைத்துக்கொள்வான். கொழும்பென்று அம்மா பார்த்தது அண்ணனின் மூக்குத் துவாரத்தை மட்டும்தான் என்பது ஜெசீகாவின் பகிடி.

கோயிலைச் சுற்றிக் கட்டிய சாரம் சரிந்து ஜோன்சன் விழுந்தான். பெட்டியை மூடி வேனில் கொண்டுவந்தார்கள். கொந்தராத்துக்காரர் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று, “நல்ல பொடியன், ஒரு சத்தம் போட மாட்டான்” என்று சொன்னார். பிளேன்டீ குடித்தார். மலையிறக்கத்தில் மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று புறப்பட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அழவில்லை. எட்வர்ட் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினார். அது பழுதாகவில்லை. பூட்டி முடித்ததும் மறுபடியும் கழற்றினார். மதலேனா அழாத குறையைப் பக்கத்துக் காம்பரா வீட்டு அங்கம்மா தீர்த்துவைத்தாள். காலையில் ஒரு தரம், பேர் பதிகிற பெரட்டுக் கலைந்து மலைக்குப் போகிற வழியில் ஒரு தரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒரு தரம் என்று சங்கக் கூட்டம் மாதிரி ஒழுங்காக அழுதாள். நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு, “மதலேனாக்கா, உப்பு இருந்தா கொஞ்சம் குடுங்க” என்றும் கேட்டுக்கொண்டாள்.

மதலேனா சீக்கிரமே பெரட்டுக்குப் போய்விட்டாள். கங்காணி, “இன்னும் கொஞ்சம் நாள் வீட்ல இருக்கலாந்தானே அக்கா” என்றார்.

“வீட்ல இருந்து என்னாத்தப் புடுங்க? இங்கயாவது கொழுந்து இருக்கு.”

சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மழைக்குள் நின்று பறித்தாள். கை தானாகப் பறித்தது, ஆள் அங்கே இல்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. காலையில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி, பின்னேரம் சாயத்தண்ணி. ஜெசீகா ரொட்டியைச் சுட்டுச் சம்பலோடு முன்னால் வைப்பாள். மதலேனா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவாள். கோழிகள் கொழுத்தன.

ஒரு பின்னேரம், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே மதலேனா கேட்டாள்.

“அந்தக் கோயிலு எப்புடிப்பட்ட கோயிலு புள்ள?”

பல நாட்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. ஜெசீகாவுக்குத் தெரியாது. அவளும் கொழும்புக்குப் போனதில்லை. தெரியாது என்பதை மர்மமாகச் சொல்லப் பழகியவளுக்கு அன்றைக்கு அது வரவில்லை.

“எங்க மியூசியத்துல அந்தக் கோயில் படம் இருக்கும்மா,” என்றாள்.

மதலேனா திரும்பிப் பார்த்தாள். “அதேவா?”

“அதேதான்.”

“பாக்க வாரவங்கல்லாம் பாப்பாங்களா?”

“எல்லாரும் பாப்பாங்க. நாந்தான் காட்டுவேன்.”

மதலேனா ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். எட்வர்ட் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. ரொட்டியை வைத்ததும் மதலேனா கேட்பாள். “இன்னைக்கு யாரு வந்து பாத்தாங்க?”

“ஜேர்மன்காரங்க.”

“என்னா சொன்னாங்க?”

“நல்லா இருக்குன்னாங்க.”

“ம்.” ஒரு ரொட்டி உள்ளே போகும். யாரும் வராத நாட்களிலும் ஜெசீகா ஆட்களை வரவழைத்தாள். கனடாவிலிருந்து ஒரு பெரிய குடும்பமே வந்தது. ஜப்பான்காரர்கள் இரண்டு தரம் வந்தார்கள். உல்லாசப் பயணத்துறை அந்த மாதம் படுத்துக் கிடந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். மேக்கணக்கில் மட்டும் அது ஓகோவென்று நடந்தது.

ஜோன்சனின் மாத நினைவுப் பூசைக்கு முந்திய நாள் மதலேனா சொன்னாள். “பூச முடிஞ்சு நான் அந்தப் படத்தப் பாக்கணும்.”

கொழும்புக் கோயில் இது இல்லை என்று தெரிந்தால் அம்மா மறுபடியும் ரொட்டியைத் தொடமாட்டாள். அவளைச் சாப்பிட வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பொய்தான்.

“பங்களாவுக்கெல்லாம் எதுக்கும்மா? ஏத்தம் வேற. நான் போன்ல படம் புடிச்சுட்டு வாரேன்.”

“போன்ல பாத்தது போதும்.”

“நானும் வாரேன்க்கா!” என்று மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது. லயத்துச் சுவருக்குக் காது தேவையில்லை; சுவர்தான் பாதிக்கு மேல் இல்லையே. “நம்ம ஜோன்சன் தம்பி விழுந்த கோயில நான் பாக்காம வேற யாரு பாக்குறது?”

தயாபரனிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. “வரட்டும், மிஸ். ஞாயித்துக்கெழம விசிட்டர்ஸ் கொறவுதான். ஆனா செருப்புப் போட்டுட்டு முன்வாசலால வரச் சொல்லுங்க. வெறுங்காலோட வந்தா யாராச்சும் படம் எடுத்துப் போட்டு, நாமதான் செருப்பக் கழட்ட வச்சம்னு எழுதிருவாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெசீகா முதல் வேலையாகச் சித்திரத்துக்குக் கீழே இருந்த விளக்கப் பலகையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டாள். ‘ஐரோப்பிய’ என்ற சொல் அம்மாவின் கண்ணில் படக் கூடாது. பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் தெரிந்தன. மற்றபடி சுவர் அவ்வளவு வழவழப்பாக இருந்தது.

பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். மதலேனா, எட்வர்ட், அங்கம்மா, செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் நான்கைந்து பேர். தயாபரன் சொன்னபடி எல்லோரும் செருப்புப் போட்டிருந்தார்கள். அவர் முன்வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். பிறகு பங்களாவைச் சுற்றிக்கொண்டு குசினிக் கதவுக்குப் போய், செருப்புகளைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள்.

“அம்மா, முன்னுக்கு வாங்களேன்!” என்று தயாபரன் பின்னால் ஓடினார்.

“இருக்கட்டுங்க தொர,” என்றாள் அங்கம்மா. “எங்களுக்கு இந்த வழிதான் தெரியும். அந்தப் பக்கத்தால வந்தா தடுமாறிப் போயிருவோம்.”

எட்வர்ட் உள்ளே வரவில்லை. “செருப்பப் பாத்துக்கிர்றேன்,” என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

மியூசியத்தின் அம்புக்குறிகள் எல்லாம் முன்வாசலிலிருந்து தொடங்குகின்றன. குசினியால் நுழைந்தவர்களுக்குக் கடைசி அறையே முதல் அறையாயிற்று. நாற்காலி, தொட்டி, சிறுத்தைப் பல் ஒன்றையும் பார்க்காமல், ஈரக் கால்களோடு நேரே பேராலயத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். சட்டம் போட்ட படம். அதற்குள் கோயில். மேலே விளக்கு. லயத்து வீடுகளில் இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன செய்வது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு முழந்தாளிட்டார்கள். செபமாலை தொடங்கிற்று.

அங்கம்மா சைவக்காரி. அவளும் முழந்தாளிட்டாள். முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள்.

“சின்னம்மா! இங்க நெருப்புப் பத்த வைக்கக் கூடாது!” ஜெசீகா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

“ஏன் புள்ள, வேதத்துக்காரச் சாமிக்கு ஆகாதா?”

“மியூசியத்துக்கு ஆகாது.”

“மியூசியமா? அது எந்தச் சாமி,” என்று அங்கம்மா கற்பூரத்தைத் திரும்ப முடிந்துகொண்டாள்.

அந்த நேரத்தில் அம்புக்குறியின்படி ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அறைக்குள் நுழைந்தார்கள். கூடவே பதுளையிலிருந்து வந்திருந்த நபீலா டீச்சர். ஓய்வுபெற்றவர், ஒவ்வொரு பலகையையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் நகர்கிறவர். வெள்ளைக்காரர் கமராவைத் தூக்கினார். அவர் மனைவி, சுற்றுலாவில் இதுவும் ஒரு பகுதி என்று எண்ணி, மரியாதையாகத் தானும் முழந்தாளிட்டாள். செபம் முடிகிற வரை அசையவில்லை.

கதவடியில் நின்ற தயாபரனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் ஜெசீகாவின் காதுக்குள் சொன்னார்.

“மிஸ், இத ஞாயிறு ஞாயிறு வைக்கலாமா? நம்ம செலவுல டீ குடுப்பம்.”

“எது சேர்?”

“இதுதான். இந்த நினைவு.”

ஜெசீகா அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. “கேட்டுச் சொல்றேன் சேர்,” என்றாள்.

செபம் முடிந்தது. பெண்கள் எழுந்து பார்க்கத் தொடங்கினார்கள். “எம்புட்டு நேர்த்தியான கோயிலு” என்றாள் ஒருத்தி. “தரையப் பாரு, பளபளன்னு” என்றாள் இன்னொருத்தி. தயாபரன் அவர்களைக் குசினிக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். போகுமுன் அங்கம்மா அடுத்த அறையிலிருந்த கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“அடியே, கொழுந்துக் கூடைய உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க! நல்ல வேள, என்னோடத நான் வீட்ல வச்சுட்டு வந்தேன்.”

சிரிப்புச் சத்தம் வெள்ளைக்காரத் தம்பதியையும் கூட்டிக்கொண்டு குசினிப் பக்கமாகப் போயிற்று. மதலேனா நகரவில்லை.

“நீங்களும் போய் டீ குடிங்கம்மா.”

“நீ வாரவங்களுக்குச் சொல்லுவியே. அதச் சொல்லு.”

“அதெல்லாம் சும்மா, மனப்பாடம்.”

“சொல்லு.”

ஜெசீகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குரல் தானாக மியூசியக் குரலாயிற்று. “இது ஒரு பேராலயம். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. கல் பாவிய முற்றம் நனைந்திருப்பதைக் கவனியுங்கள். கோபுரத்தின் உயரத்தைக் காட்டுவதற்காக…”

அங்கே நின்றது. எத்தனையோ பேருக்குச் சொன்ன வசனம். மூச்சு விடாமல் சொல்வாள்.

“காட்டுறதுக்காக?” என்றாள் மதலேனா.

“மனிதர்களைச் சிறிதாக வரைந்திருக்கிறார்.”

மதலேனா சட்டத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம் விளக்கில் தெரிந்தது. “எம்புட்டு ஒசரம் இருக்கும்?”

“தெரியலம்மா.”

“நம்ம பெக்டரி அளவு?”

“அதுக்கு மேல.”

“பெக்டரிக்கு மேல இன்னொரு பெக்டரிய வச்ச மாதிரி?”

“…அப்படித்தான் இருக்கும்.”

“ம்.” மதலேனா விரலை நீட்டினாள், தொடவில்லை. “இந்தச் செவப்புச் சால்வக்காரி?”

“வாசலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். உள்ளே ஒரு விளக்கு எரிகிறது.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

சைப்ரஸ் பக்கமிருந்து பனி ஏறி ஜன்னலை மூடிற்று. குசினியில் கோப்பைகள் சத்தமிட்டன. மதலேனா சித்திரத்தைப் பார்த்தபடியே, கொழுந்து நிறை சொல்கிற குரலில் சொன்னாள்.

“அந்தக் கோயிலுக்கு ரெண்டு கோபுரம் புள்ள.”

ஜெசீகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

“போன்ல காட்டுனான். மலையில நிக்கிறேன், மழ வேற. அம்மா இந்தா பாரு, இந்தக் கோபுரம் முடிச்சாச்சு, இனி அந்தக் கோபுரம்னு திருப்பித் திருப்பிக் காட்டுனான். நாந்தான், கங்காணி பாக்குறாரு, வைடான்னேன்.”

“அப்ப… இது இல்லன்னு தெரியுமா உங்களுக்கு?”

“உள்ள வந்ததுமே தெரியும்.”

“எனக்கு… நீங்க சாப்புடணும்னுதாம்மா…”

“சாப்புட்டேனே.”

இருவரும் சித்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசீகா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். மதலேனா முந்திக்கொண்டாள்.

“பொட்டி வந்துச்சு, மூடியே இருந்துச்சு,” என்றாள் மதலேனா. “விழுந்தான்னாங்க. எங்கருந்துன்னு சொல்லல. என்னா கலர் அடிச்சான், கீழ தர எப்புடி, யாரு பக்கத்துல நின்னா, ஒண்ணுஞ் சொல்லல. நல்ல பொடியன்னு சொல்லிட்டு டீயக் குடிச்சிட்டுப் போயிட்டான். நீ ஊரு பேரு தெரியாத படத்துக்கு, தர ஈரமா இருக்குங்கிறதுலருந்து சொல்ற. எனக்கு அப்புடி ஒருத்தருஞ் சொல்லல.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள், வந்திருக்கிற விசிட்டர் மாதிரி.

“இப்ப ரெண்டு கோபுரமா வச்சுச் சொல்லு.”

ஜெசீகா கைகளைக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

“இது கொழும்பு நகரத்துப் பேராலயம். இதற்கு இரண்டு கோபுரங்கள். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. முற்றம் நனைந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது இடது பக்கக் கோபுரம். இதற்குப் பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. பூச்சில் ஒரு திட்டுக்கூட இல்லாததைக் கவனியுங்கள்.”

“ம்.”

“சிவப்புச் சால்வை போர்த்தியிருப்பது வேலை செய்கிற ஒருவருடைய தாய். அவர் மலைநாட்டிலிருந்து வந்திருக்கிறார். வாசலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்.”

“ம். அந்தக் கோபுரம்?”

அறையின் மறு ஓரத்தில் நின்ற நபீலா டீச்சர் அருகே வந்தார். பலகையைக் காணாமல் தேடியவர், விளக்கம் நடப்பதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சித்திரத்தில் இரண்டாவது கோபுரத்தைத் தேடினார்.

“மகள், எனக்கு ஒண்டுதானே தெரியுது?” என்றார் மெதுவாக.

“ஓவியருக்கு இடம் போதவில்லை, டீச்சர்,” என்றாள் ஜெசீகா, குரல் மாறாமல். “இரண்டாவது கோபுரம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. வலது பக்கம். அங்கே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.”

டீச்சர் வலது பக்கம் பார்த்தார். வெறும் சுவர். வாய் திறக்கப் போனவர், மதலேனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

மதலேனா வலது பக்கம் நகர்ந்தாள். சின்ன விளக்கின் வெளிச்சம் படத்தைத் தாண்டி அங்கேயும் கொஞ்சம் விழுந்திருந்தது. வெள்ளைச் சுவர். வழவழப்பாக, தூரிகை போன தடம் தெரியாமல் பூசியிருந்தது.

“இது அவன் அடிச்சதுதானே?”

“ஆமாம்மா. இந்த ரூம் முழுக்க அவந்தான்.”

மதலேனா, கொழுந்துக் கறை பிடித்த உள்ளங்கையை முழுதாகச் சுவரில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். கதவடியில் திரும்பி வந்த தயாபரன் அதைக் கண்டு, கண்ணால் ஜெசீகாவுக்குச் சைகை காட்டினார். மியூசியத்தின் விதி வாசலிலேயே மூன்று மொழியில் எழுதியிருக்கிறது: காட்சிப் பொருட்களைத் தொடக் கூடாது.

ஜெசீகா அந்தச் சைகையைப் பார்த்தாள். சுவரையும் பார்த்தாள். சுவர் காட்சிப் பொருட்களில் ஒன்று அல்ல. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.